இலவசமாகக் கொடுத்த கருவி: ஐபிஎம்மின் மொழிபெயர்ப்புச் சாதனம் உலகைப் பிடித்த கதை

1946 அக்டோபர் 1, பிற்பகல். நியூரம்பெர்க் நீதி மாளிகை, 600-ஆம் எண் அறை. நாஜித் தலைவர்கள் மீதான போர்க்குற்ற வழக்கு முடிந்து, தண்டனையைக் கேட்பதற்காகக் கைதிகளை ஒவ்வொருவராக லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். முதல் ஆள் ஹிட்லரின் நெருங்கிய சகா ஹெர்மன் கோரிங். ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். நீதிபதி ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கியதும் கோரிங் கையசைக்கிறார். காதில் ஒன்றும் விழவில்லையாம். எல்லோரும் காத்திருக்க, ஆட்கள் வந்து கருவியைச் சரிசெய்கிறார்கள். வாசிப்பு மறுபடி தொடங்குகிறது. தூக்கு என்ற தீர்ப்பு ஜெர்மன் மொழியில் அவர் காதுக்குப் போய்ச் சேருகிறது.

உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு தீர்ப்பு, ஒரு ஹெட்போன் மக்கர் செய்ததால் நின்று போனது. அந்த ஹெட்போனும் அதற்குப் பின்னால் ஓடிய ஒயர்களும் ஐபிஎம் நிறுவனத்துடையவை. வாடகை கூட வாங்காமல் கொடுத்தவை.

இந்தக் கருவியின் கதையில் இரண்டு புதிர்கள் இருக்கின்றன. 1927-லேயே ஜெனீவாவில் வேலை செய்து காட்டிய ஒரு சாதனம் ஏன் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஓரமாகக் கிடந்தது? சரி, அதன்பின் உலகத்தின் பெரிய மாநாட்டு மண்டபங்களில் எல்லாம் இந்த முறை நுழைந்ததே, இன்று மாநாட்டுக் கருவிகள் என்றால் ஐபிஎம் பெயர் ஏன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை? என் கணிப்பு இது: இந்தத் தொழிலில் ஒயர் எப்போதுமே முதலில் தயாராகிவிட்டது. அந்த ஒயரின் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே பேசுகிற மனிதரைப் பற்றிய யோசனைதான் ஒவ்வொரு முறையும் தாமதமாக வந்தது.

கடைக்காரருக்கு வந்த யோசனை

முதல் உலகப் போர் முடியும் வரை ராஜதந்திர மொழி என்றால் பிரெஞ்சுதான். 1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் ஆங்கிலம் அதற்குச் சமமாக உட்கார்ந்தது. அங்கிருந்துதான் மாநாட்டு மொழிபெயர்ப்பாளர் என்ற தொழிலே உருவாகிறது. (நம் பக்கம் துபாசி என்ற சொல் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. ஆனால் துபாசி பேரமும் பேசுவார், கணக்கும் பார்ப்பார்.) பாரிஸில் போல் மாந்து போன்றவர்கள் செய்தது வேறு வேலை. பேச்சாளர் பேசி முடிக்கும் வரை குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் முடித்ததும் எழுந்து, அந்த முழுப் பேச்சையும் மற்ற மொழியில் நிகழ்த்துவார்கள். இதைப் பின்தொடர் முறை என்று வைத்துக்கொள்வோம். ஆந்த்ரே காமின்கர் என்பவர் குறிப்பே இல்லாமல் நீண்ட பேச்சுகளை அப்படியே திருப்பிச் சொல்வார் என்று பெயர் பெற்றவர். இவர்களுக்கு மேடையில் நட்சத்திர அந்தஸ்து இருந்தது.

ஒரே குறை நேரம். இரண்டு மொழி என்றால் கூட்டம் இரண்டு மடங்கு நீளும், மூன்று மொழி என்றால் மூன்று மடங்கு. இரண்டு மொழியும் தெரிந்த ராஜதந்திரிகளுக்கு இது பெரிய சங்கடம் இல்லை. ஆனால் 1919-ல் தொடங்கிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாட்டுக்கு அரசுப் பிரதிநிதிகளோடு முதலாளிகளும் தொழிற்சங்கக்காரர்களும் வந்தார்கள். பட்டறையிலிருந்து வந்த ஒருவருக்கு ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. மணிக்கணக்கில் பொம்மைபோல உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதைப் பார்த்து எரிச்சலடைந்தவர் பாஸ்டன் நகரத்துக் கடைக்காரர் ஒருவர், எட்வர்ட் ஃபைலீன். ஃபைலீன்ஸ் என்ற பெரிய துணிக்கடையின் உரிமையாளர். அந்தக் கடையின் அடித்தளத்தில் விற்காமல் கிடக்கும் சரக்குக்கு நாள் ஆக ஆக விலை தானாகக் குறையும். அந்த ஏற்பாடு அவர் பெயரைப் பரப்பியது. 1907-ல் இந்தியாவுக்கு வந்து, இங்கே அப்போதுதான் முளைத்திருந்த கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பார்த்துவிட்டுப் போய், அமெரிக்காவில் கடன் சங்கங்களுக்காக வாழ்நாள் முழுக்கப் பணம் செலவழித்ததும் இதே ஆள்தான். வீணாகும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத வகை மனிதர் என்று தெரிகிறது. மாநாட்டு மண்டபத்தில் வீணானது நேரம்.

1925-ல் அவர், ஐநாவுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் தலைமைச் செயலர் எரிக் டிரம்மண்டுக்கு ஒரு யோசனையை எழுதி அனுப்பினார். பேச்சாளரின் குரலை ஒரு நல்ல மைக் வாங்கி, ஆம்ப்ளிஃபையர் வழியாக அமைதியான ஓர் இடத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளரின் காதுக்கு அனுப்புவது. அவர் தன் மைக்கில் பேசுவதை இன்னொரு ஒயர் வழியாக, அந்த மொழி வேண்டுபவர்களின் ஹெட்போனுக்கு அனுப்புவது. கருவியைச் செய்ய ஆலன் கார்டன் ஃபின்லே என்ற ஆங்கிலேய மின்பொறியாளர் கிடைத்தார். டெலிபோன் பாகங்களை வைத்துத்தான் தொடக்கம். தொழில்நுட்பம் என்ற அளவில் இதில் பெரிய புதுமை ஒன்றும் இல்லை. மைக், ஒயர், காதுக்குழல் மூன்றும் எந்த டெலிபோன் நிலையத்திலும் இருந்தவை. அவற்றை மண்டபத்துக்குள் கொண்டுவந்ததுதான் புதுசு.

தொடக்கத்தில் ஃபைலீன் தரப்பு பெரிதாக நம்பியது நாம் இன்று நினைக்கும் உடனுக்குடன் மொழிபெயர்ப்பை இல்லை. பேச்சை முன்கூட்டியே எழுதி வாங்கி, மொழிபெயர்த்துவைத்து, பேச்சாளர் பேசும்போதே மற்ற மொழிகளில் வாசித்துவிடலாம் என்பதும் திட்டத்தின் முக்கியமான பகுதி. காதில் விழும் வாக்கியத்தை அதே நேரத்தில் இன்னொரு மொழியில் வாயால் சொல்ல ஒரு மனிதரால் முடியும் என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

1927-ல் ஜெனீவாவில், தொழிலாளர் மாநாட்டில் சோதனை நடந்தது. முடியும் என்று தெரிந்தது. ஆனால் எப்படிப்பட்ட நிலைமையில்? அன்றைய படங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூண்டு, அதாவது வெளிச்சத்தம் வராமல் உட்கார்ந்து பேசத் தனி அறை, கிடையாது. மேடைக்கு முன்னால், பேச்சாளரின் காலடியில் வரிசையாக உட்காரவைத்துவிட்டார்கள். காதில் ஹெட்போன் இல்லை. பேச்சாளரின் குரலைக் காற்றில் நேரடியாகப் பிடித்துக்கொண்டு, கிண்ணம்போல வாயை மூடும் ஒரு மைக்கில் மெல்லிய குரலில் பேச வேண்டும். அந்தக் கிண்ணத்துக்கு ஹஷ்-அ-ஃபோன் என்று பெயர். கருவிக்கே அந்தப் பெயர் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டது. பிரதிநிதிக்கு வசதியான நாற்காலியும் ஹெட்போனும். மொத்தச் சுமையையும் தாங்குகிறவருக்கு ஒரு கிண்ணம்!

தாமஸ் வாட்சன் தலைமையில் இருந்த ஐபிஎம் இந்தக் கருவியைத் தன் தயாரிப்பாக எடுத்துக்கொண்டது. ‘இன்டர்நேஷனல் டிரான்ஸ்லேட்டர் சிஸ்டம்’ என்று பெயர் வைத்தது. ஃபைலீன் 1937-ல் பாரிஸில் இறந்துபோனார். தன் யோசனை பெரிய அளவில் பயன்பட்டதை அவர் பார்க்கவில்லை.

ஓரமாகக் கிடந்த வருஷங்கள்

ஐபிஎம் மட்டும்தான் இதைச் செய்தது என்றும் இல்லை. 1928-ல் மாஸ்கோவில் நடந்த கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஆறாவது மாநாட்டில் சோவியத் பொறியாளர்கள் தாங்களே செய்த கருவியைப் பயன்படுத்தினார்கள். அங்கும் அதே கதை: மேடைக்கு முன் நாற்காலி, கழுத்தில் தொங்கும் கனமான மைக், காதுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 1933 வாக்கிலேயே அவர்கள் கூண்டும் ஹெட்போனும் கொண்டுவந்துவிட்டார்கள். 1935-ல் லெனின்கிராட் உடலியல் மாநாட்டில் பாவ்லோவின் தொடக்க உரை மூன்று மொழிகளில் உடனுக்குடன் போனது. 1930-ல் பெர்லின் உலக மின்சக்தி மாநாட்டுக்கு சீமென்ஸ் ஒரு கருவி செய்து கொடுத்தது. ஆக, பொருள் இருந்தது, போட்டியும் இருந்தது. சந்தை மட்டும் இல்லை.

ஏன்? மொழிபெயர்ப்பாளர்களின் எதிர்ப்பு என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். மேடையில் நின்று கைத்தட்டல் வாங்கியவர்களை முகம் தெரியாத மூலையில் உட்காரச் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? டெலிபோன்காரர்கள் என்று புதிய முறைக்காரர்களைக் கேலி செய்தார்கள். ஆனால் ராஜதந்திரிகளுக்கும் பழைய முறை வசதியாக இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எதிராளியின் பேச்சு மறுபடி ஒருமுறை இன்னொரு மொழியில் ஒலிக்கும் அந்த அரைமணி நேரத்தில் பதிலை யோசிக்கலாம், பக்கத்தில் இருப்பவரைக் கலந்துகொள்ளலாம். தவிர, மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் மொழிபெயர்த்தால் தப்பை உடனே யாராவது திருத்துவார்கள். ஹெட்போனுக்குள் நடந்த தப்பு அந்த ஹெட்போனோடு போய்விடும். இதை வெறும் பிடிவாதம் என்று என்னால் தள்ள முடியவில்லை. நியாயமான பயம்தான்.

இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. 1934-ல் ஹிட்லர் நியூரம்பெர்க்கில் பேசியதை பிரெஞ்சு வானொலிக்காக உடனுக்குடன் மொழிபெயர்த்தது பின்தொடர் முறையின் மன்னரான அதே காமின்கர்தான். பன்னிரண்டு வருஷம் கழித்து அதே ஊரில் அதே முறையில் ஹிட்லரின் சகாக்களுக்குத் தீர்ப்பு சொல்லப்போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்!

நான்கு மொழி, ஒரு அறை

1945 ஆகஸ்ட் 8-ல் லண்டனில் கையெழுத்தான, நியூரம்பெர்க் வழக்குக்கான சாசனம் இரண்டு விஷயங்களைக் கட்டாயமாக்கியது. நடவடிக்கைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன் மூன்றிலும் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியிலும் விசாரணை நடக்க வேண்டும், அதாவது ஜெர்மன். நான்கு மொழிக்கும் பின்தொடர் முறை என்றால் ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம். வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். அதைவிட மோசம், குறுக்கு விசாரணையின் கூர்மையே போய்விடும்.

மாற்று வழி தேடியவர்களிடம் அகப்பட்டவை ஐபிஎம் கருவியும், லியோன் டோஸ்டெர்ட் என்ற மனிதரும். டோஸ்டெர்ட் பிரான்ஸில் பிறந்து அமெரிக்கரானவர், ராணுவத்தில் கர்னல், அமெரிக்கத் தளபதி ஐசனோவருக்கு மொழிபெயர்த்தவர். கருவியை ஐபிஎம் இலவசமாகத் தர முன்வந்தது. கொண்டுவந்து பொருத்தும் செலவை மட்டும் அமெரிக்க அரசு ஏற்றது. அக்டோபர் கடைசியில் சாமான்கள் வந்து இறங்கின. நவம்பர் 20-ல் வழக்கு தொடக்கம். ஏறத்தாழ மூன்று வாரத்துக்குள் ஒயர் இழுக்க வேண்டும், ஆட்களைத் தேட வேண்டும், பழக்க வேண்டும்.

அமைப்பு இப்படி. நீதிபதிகள், சாட்சி, வழக்கறிஞர் பேசும் இடங்களில் மைக். ஒவ்வொரு நாற்காலியிலும் ஹெட்போனும் ஒரு திருகுக் குமிழும். குமிழில் ஐந்து எண்கள்: ஒன்றில் பேச்சாளரின் சொந்தக் குரல், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் ரஷ்யன், நான்கில் பிரெஞ்சு, ஐந்தில் ஜெர்மன். ஒயர்கள் தரையில் கிடந்தன. யாராவது அதில் தடுக்கி விழுவதும், கோளாறு வந்து நீதிமன்றம் ஒத்திவைக்கப்படுவதும் நடந்தன.

இந்த ஒயர்களைவிட டோஸ்டெர்ட் அமைத்த ஆள் ஏற்பாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு மொழிக்கு ஒரு மேஜை, மேஜைக்கு மூன்று பேர். ஆங்கில மேஜையில் ஒருவர் ஜெர்மனிலிருந்து, ஒருவர் பிரெஞ்சிலிருந்து, ஒருவர் ரஷ்யனிலிருந்து. மற்ற மேஜைகளிலும் அப்படியே. நான்கு மேஜை, பன்னிரண்டு பேர். இப்படி மூன்று அணிகள், மொத்தம் 36 பேர். ஒரு அணி 85 நிமிஷம் மைக்கில் இருக்கும். அந்த நேரத்தில் இன்னொரு அணி பக்கத்து அறையில் ஹெட்போனோடு வழக்கைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும், மாறும்போது தலைகால் புரியாமல் விழிக்கக் கூடாது என்பதற்காக. மூன்றாவது அணிக்கு அன்று விடுமுறை.

ஒவ்வொரு அணியோடும் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். அவர் கையில் இரண்டு விளக்குகளுக்கான பொத்தான். மஞ்சள் விளக்கு எரிந்தால் பேச்சாளர் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும், மொழிபெயர்ப்பாளருக்கு ஏதோ சிக்கல். நிமிஷத்துக்கு 60 சொல் என்பது எதிர்பார்க்கப்பட்ட வேகம். டிக்டேஷன் கொடுக்கும் வேகம் அது. யோசித்துப் பாருங்கள்: உலகின் மிகப் பெரிய வழக்கில், தலைமை நீதிபதியையே ஒரு மஞ்சள் பல்பு மூலம் நிதானப்படுத்தும் அதிகாரம் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு இருந்தது. ஜெனீவாக் கிண்ணத்திலிருந்து இது எவ்வளவு தூரம்!

மொழிபெயர்ப்பாளர்களின் கூண்டு என்னவோ பாதிக் கூண்டுதான். கைதிகள் அமர்ந்திருந்த பகுதியை ஒட்டி, முன்னாலும் பக்கவாட்டிலும் தாழ்வான கண்ணாடி, மேலே திறப்பு. பக்கத்து மேஜைக் குரல் காதில் விழும். எதிரே பார்த்தால் கோரிங்கும் ஹெஸ்ஸும் ஹெட்போனோடு இவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆட்கள் கிடைப்பதுதான் பெரும்பாடு. எழுத்தில் நன்றாக மொழிபெயர்த்தவர்கள் பலர் மைக் முன்னால் உட்கார்ந்ததும் ஊமையானார்கள். இரண்டு மொழி தெரிந்தால் மட்டும் போதாது, ஒன்றைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றைப் பேச முடிய வேண்டும் என்பதை அங்கேதான் பெரிய அளவில் கண்டுகொண்டார்கள். மொழி நன்றாகத் தெரிந்தும், சாட்சி சொன்ன கொச்சைச் சொற்களை வாயால் சொல்ல முடியாமல் திணறியதால் மாற்றப்பட்ட இளம்பெண்ணும் உண்டு.

ஜெர்மன் வாக்கியம் இன்னொரு தலைவலி. வினைச்சொல் கடைசியில் வரும். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘அவர் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட’ என்பது வரை கேட்டவருக்கு, போட்டாரா, போட மறுத்தாரா, போடச் சொன்னாரா என்று தெரியாது. ஆங்கிலத்துக்கோ வினை முன்னாலேயே வேண்டும். நீதிமன்றத்தில் அந்த ஒரு வினையில் ஒரு தலை தப்பலாம், போகலாம். காத்திருந்தால் அடுத்த வாக்கியம் வந்து மோதும். ஊகித்துச் சொல்லிவிட்டால் தப்பாகலாம். ‘யா’ என்ற ஒற்றைச் சொல்லே பொறிதான். ஜெர்மன்காரர் பேச்சைத் தொடங்குவதற்கு ‘ம்… அதாவது’ என்ற பொருளில் அதைப் போடுவார். ‘ஆமாம்’ என்று மொழிபெயர்த்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும்.

கைதிகளில் இதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர் கோரிங். 1946 மார்ச்சில் அமெரிக்கத் தரப்பின் ராபர்ட் ஜாக்சன் அவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது, ரைன்லாந்துப் பகுதியை விடுவிக்கும் ஏற்பாடு என்று மொழிபெயர்த்த ஒரு ஆவணத்தை ஆதாரமாக நீட்டினார். அது ரைன் ஆற்றில் போக்குவரத்தை ஒதுக்கி வழிவிடுவதைப் பற்றியது என்று கோரிங் சுட்டிக்காட்டினார். ஜாக்சனின் அடி வீணானது. இது மொழிபெயர்ப்பாளர் கூண்டில் நடந்த தப்பு கிடையாது, முன்பே எழுத்தில் மொழிபெயர்த்தபோது வந்தது. ஆனால் ஹெட்போனுக்குள் நடப்பதை யார் சரிபார்ப்பது என்ற ஜெனீவாப் பழைய கேள்விக்கு நியூரம்பெர்க் ஒரு பதில் வைத்திருந்தது. பேச்சுகளை ஒலிப்பதிவு செய்தார்கள், பிறகு அந்தப் பதிவை வைத்து எழுத்துப் பிரதியைத் திருத்தினார்கள்.

இதே ஐபிஎம் கருவி 1946 மே மாதம் தொடங்கிய டோக்கியோ விசாரணைக்கும் போனது. அங்கே பெரும்பாலும் பின்தொடர் முறைதான் நடந்தது. முன்பே மொழிபெயர்த்து வைத்த உரைகளை வாசிக்கத்தான் கருவி அதிகம் பயன்பட்டது. ஜப்பானியர்கள் மொழிபெயர்க்க, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர் கண்காணிக்க, அவர்களுக்கும் மேலே சர்ச்சை தீர்க்க ராணுவ அதிகாரிகள் என்று மூன்று அடுக்கு. ஆங்கிலத்துக்கும் ஜப்பானியத்துக்கும் உள்ள தூரமும், பழகிய ஆட்கள் இல்லாததும் காரணங்கள். கருவியை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்பினால் நியூரம்பெர்க் கூடவே வந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐநாவும் அதற்கப்புறமும்

டோஸ்டெர்ட் வழக்கு முடியும் முன்பே நியூரம்பெர்க்கை விட்டுக் கிளம்பி, கருவியோடு ஐநாவுக்குப் போனார். அங்கே பழைய முறைக்காரர்கள் வலுவாக இருந்தார்கள். இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1947 நவம்பர் 15-ல் பொதுச்சபை 152-ஆம் தீர்மானத்தின் மூலம் உடனுக்குடன் முறையை நிரந்தரச் சேவையாக ஏற்றுக்கொண்டது. ஐந்து அதிகார மொழிகள் இருந்த இடத்தில் வேறு வழியும் இல்லை. பாதுகாப்புச் சபை மட்டும் பின்தொடர் முறையை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. போரா சமாதானமா என்று பேசும் இடத்தில் அந்த யோசிக்கும் நேரம் தேவைப்பட்டிருக்கும். 1953-ல் பாரிஸில் மாநாட்டு மொழிபெயர்ப்பாளர்களின் சர்வதேசச் சங்கம் உருவானது. டெலிபோன்காரர்களும் மேடை நட்சத்திரங்களும் ஒரே சங்கத்தில்.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் ஐபிஎம் செய்தது அருமையான காரியம். ஒரு வழக்குக்கு இலவசமாகக் கொடுத்து, அதன் மூலம் உலகத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளரின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. விளம்பரத்துக்கு இதைவிட நல்ல மேடை எங்கே கிடைக்கும்? ஆனால் அந்த வாசலிலேயே உட்கார்ந்து தொழிலை வளர்க்கவில்லை. 1950-களில் அதன் கவனம் கணினிப் பக்கம் திரும்பியது. மாநாட்டு மண்டபத்துக்குக் கருவி விற்பது ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. பொருத்த வேண்டும், கூட்டத்துக்குக் கூட்டம் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், கூண்டில் இருப்பவரின் புலம்பலைக் கேட்க வேண்டும். ராட்சச நிறுவனத்துக்கு இது பொடி வியாபாரம். விட்டுவிட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன்.

அதைவிடச் சுவாரசியம், ஐபிஎம்மும் டோஸ்டெர்ட்டும் மறுபடி சேர்ந்தது. 1954 ஜனவரி 7-ல் நியூயார்க்கில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து ஒரு காட்சி நடத்தின. ஐபிஎம் 701 கணினி அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தது. அகராதியில் 250 சொற்கள், இலக்கண விதிகள் ஆறே ஆறு. ஜார்ஜ்டவுன் தரப்பில் தலைமை தாங்கியவர் டோஸ்டெர்ட். மூன்றிலிருந்து ஐந்து வருஷத்தில் இயந்திர மொழிபெயர்ப்பு நடைமுறைக்கு வந்துவிடலாம் என்று அப்போது சொன்னார்கள். 1966-ல் வந்த அமெரிக்க அறிவியலாளர் குழுவின் அறிக்கை அந்த ஆசையில் தண்ணீர் ஊற்றியது. 36 பேரைத் தேடி, ஷிஃப்ட் போட்டு, மஞ்சள் பல்பு வைத்துப் பார்த்த அதே மனிதர்தான் மனிதர் இல்லாமலே செய்துபார்க்கும் முயற்சிக்கும் தலைமை ஏற்றார். ஆள் பிடிப்பதன் கஷ்டம் அவ்வளவு இருந்திருக்குமோ என்னவோ.

ஐபிஎம் விட்ட இடத்தை ஐரோப்பிய நிறுவனங்கள் பிடித்தன. ஹாலந்தின் பிலிப்ஸ், பெல்ஜியத்தின் டெலிவிக், ஜெர்மனியின் சென்ஹைசர். 1975-ல் சென்ஹைசர் அகச்சிவப்புக் கதிர் மூலம் ஒலி அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. தடுக்கி விழ ஒயர் இல்லை. தவிர, அந்தக் கதிர் சுவரைத் தாண்டாது, ரகசியக் கூட்டத்தின் பேச்சு ரேடியோ அலைபோல வெளியே கசியாது. பிலிப்ஸின் மாநாட்டுக் கருவிப் பிரிவு 2002-ல் பாஷ் கைக்கு மாறியது.

ஆனால் கருவிகளைவிடப் பெரிய மாற்றம் காகிதத்தில் நடந்தது. 1974-ல் கூண்டுக்கு ஒரு சர்வதேசத் தரம் வந்தது, ஐஎஸ்ஓ 2603. இன்றைய வடிவத்தில், நிரந்தரக் கூண்டு இரண்டு பேருக்கு 2.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். உள்ளே கரியமில வாயு 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூச்சுத் திணறும் பெட்டிக்குள் மூளை வேலை செய்யாது என்று ஒருவழியாக எழுதிவைத்துவிட்டார்கள். கருவிக்கான இன்னொரு தரம், மொழிபெயர்ப்பாளரின் காதுக்கு 125 ஹெர்ட்ஸிலிருந்து 15,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி போக வேண்டும் என்கிறது. பழைய டெலிபோன் ஒயர் கொடுத்தது சுமார் 300-லிருந்து 3,400 வரைதான். சும்மா கேட்பவருக்கு அது போதும், விட்டுப்போன மெய்யெழுத்துகளை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். அதே நேரத்தில் பேசவும் வேண்டியவரின் மூளைக்கு ஊகிக்க நேரம் மிச்சம் இருக்காது.

அப்புறம் 2020 வந்தது. மண்டபங்கள் மூடின. 2014-ல் ஜூரிக்கில் தொடங்கிய இன்டர்பிரெஃபை, நியூயார்க்கின் குடோ போன்ற தொலைவழி மொழிபெயர்ப்புத் தளங்கள் ஏற்கெனவே இருந்தன. ஜூம் தன் கூட்டங்களில் மொழி சேனல்களைச் சேர்த்தது. மூன்று வாரத்தில் நியூரம்பெர்க் தயாரான மாதிரி, இதுவும் அவசரத்தில் நடந்த வெற்றி. இந்த முறை மஞ்சள் பல்பை யாரும் வைக்கவில்லை.

பிரதிநிதிகள் லேப்டாப்பின் மைக்கிலும், காரில் போய்க்கொண்டே செல்போனிலும் பேசினார்கள். இணையத்தில் பிழிந்து அனுப்பப்பட்ட அந்த ஒலி, நடுவில் திடீரென்று வீறிடும் சத்தத்தோடு, நாள் முழுக்கக் காதுக்குள் போனது. 1959-லிருந்து உடனுக்குடன் மொழிபெயர்ப்பு நடக்கும் கனடா நாடாளுமன்றத்தில், காதிரைச்சல், தலைவலி, தலைசுற்றல் என்று பணிக்கு வர முடியாமல் போன மொழிபெயர்ப்பாளர்கள் பெருகினார்கள். 2022-ல் ஐரோப்பிய நாடாளுமன்ற மொழிபெயர்ப்பாளர்கள், தொலைவிலிருந்து வரும் பேச்சுகளை மொழிபெயர்க்க மாட்டோம் என்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மண்டபத்தில் இருப்பவர் பேசினால் மொழிபெயர்ப்பு வரும், திரையில் தெரிபவர் பேசினால் மௌனம்.

2023 பிப்ரவரியில் கனடாவின் தொழிலாளர் துறை, மைக் சரியில்லாததால் மத்திய மொழிபெயர்ப்புப் பிரிவு தன் ஊழியர்களின் பாதுகாப்பு விதிகளை மீறியது என்று தீர்ப்பளித்தது. தொலைவிலிருந்து பேசுபவர் தரத்துக்கு உட்பட்ட மைக் வைத்திருந்தால்தான் மொழிபெயர்ப்பு என்ற நிலை அதன்பின் வந்தது. இன்று அங்கே ஒரு நாடாளுமன்றக் குழுக் கூட்டத்தில் சாட்சியின் குரல் உடையத் தொடங்கினால், ஹெட்போனில் மொழிபெயர்ப்பாளரின் சொந்தக் குரல் கேட்கும்: ஒலி போதவில்லை, மொழிபெயர்க்க இயலவில்லை. கூட்டத்தின் தலைவர் சாட்சியை நிறுத்துகிறார். டெக்னீஷியன் மைக்கை மாற்றச் சொல்கிறார். எல்லோரும் காத்திருக்கிறார்கள்.